அந்தப் படகு எங்கிருந்து வந்தது?

மார்க்கம் மணியம்:
நேற்று ஸ்காபரோவில் ஒரு கல்யாண வீடு. பக்கத்துக் கதிரைக்காரர் வடையைக் கடித்துக்கொண்டே சொல்கிறார்: "நாங்கள் ஒழுங்காக வந்தோம். இப்போது விசிட்டர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைக்கிறவர்களால்தான் அரசாங்கம் கதவைச் சாத்துகிறது." எது ஒழுங்கு? 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இலங்கைத் தமிழர் 155 பேர் மிதந்தார்களே, அதுவா? இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றார்கள். புறப்பட்டதோ மேற்கு ஜேர்மனி.

கந்தர்மடத்தான்:
மணியம் அண்ணை, 83 இனக்கலவரத்தில் எரிந்த வீட்டை விட்டு ஓடியவர்களைப் பொய்யர் என்கிறீர்களா? கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களைக் காப்பாற்றினார். அவர் யாரிடமும் துறைமுகத்தின் பெயரைக் கேட்கவில்லை.

மார்க்கம் மணியம்:
அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். எங்கிருந்து?

கந்தர்மடத்தான்:
விஷயம் வெளிவந்த பிறகும் அப்போதைய பிரதமர் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அரசாங்கத்துக்கே இல்லாத வயிற்றெரிச்சல் உங்களுக்கு ஏன்?

செவ்வரத்தை:
நான் கேட்க வந்தது வேறு. 2025 ஜூனில் அகதிக் கோரிக்கைக்குக் காலவரம்பு வைக்கும் ஒரு பிரிவோடு கனடா நாடாளுமன்றத்தில் சி-2 மசோதா வந்தது. அக்டோபரில் அதே பிரிவு சி-12இல் திரும்ப வந்தது. 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்தவர் ஒரு வருடம் கழித்துக் கோரிக்கை வைத்தால், அது கோரிக்கைகளை விசாரித்து முடிவுசெய்யும் அகதிச் சபைக்குப் போகாது. அந்த ஒரு வருடத்தை முதல் வருகையிலிருந்து எண்ணுகிறார்களாம். எங்கள் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை 2022இல் ஒரு சாவீட்டுக்கு வந்து, மூன்று கிழமையில் திரும்பிப் போனவள். 2024இல் மறுபடி வந்தாள். கடவுச்சீட்டில் அந்தப் பழைய முத்திரையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். அவளுக்கு எந்த நாள் கணக்கு?

மார்க்கம் மணியம்:
தங்கச்சி, அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இவர் ஜேர்மனிக்குப் பதில் சொல்லட்டும்.

பனங்கிழங்கு:
1987இல் நோவா ஸ்கோஷியாவில் 174 பேர் இறங்கினார்கள், பெரும்பாலும் சீக்கியர்கள். உடனே நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் நம்மவர் 492 பேர். 2012இல் அகதி விதிகளை இறுக்கிய சி-31 சட்டம். கப்பலுக்கு ஒரு சட்டம் என்று நடக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மார்க்கம் மணியம்:
சன் சீ தாய்லாந்திலிருந்து வந்தது, எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். 86 படகைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஏன் வாய் கட்டிப்போகிறது?

கந்தர்மடத்தான்:
உங்கள் கோபம் படகில் இல்லை. போன வருடம் ஊர்ச் சங்கத் தேர்தலில் பொருளாளர் பதவி கைநழுவிய கோபம்.

மார்க்கம் மணியம்:
மூன்று வாக்கு வித்தியாசம். எண்ணியவர் உங்கள் சகலன். அதையும் இங்கே எழுதட்டுமா?

கந்தர்மடத்தான்:
எழுதுங்கள். மண்டபக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

பனங்கிழங்கு:
மண்டபக் கணக்கா? அதில் என் ஐம்பது டொலரும் இருக்கிறது.

செவ்வரத்தை:
2022ஆ, 2024ஆ? வக்கீலிடம் போக நாளைக்கு நேரம் எடுத்திருக்கிறோம். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்க்கம் மணியம்:
86 படகு புறப்பட்ட இடம் பிராக்கே. ஜேர்மனியில் வேசர் நதிக்கரை. வரைபடம் போடுகிறேன், கண்ணைத் திறந்து பாருங்கள்.