பிடிஎஃப்பிலிருந்து ஒட்டினால் எல்லாம் குலைந்துவிடுகிறது, அவசரம்

தேன்சிட்டு: பிடிஎஃப்பில் உள்ள கட்டுரையை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாக உடைகிறது. தடித்த எழுத்தும் அட்டவணையும் காணவில்லை. நாளை காலை அனுப்பியாக வேண்டும். யாராவது உதவுங்கள்.

வரிக்குதிரை: எந்த மென்பொருளில் ஒட்டுகிறீர்கள்? பிடிஎஃப்பில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா, பக்கம் முழுதும் படமா?

அகரன்: ஒட்டவே வேண்டாம். வேர்ட் 2013 முதல் பிடிஎஃப்பை நேரடியாகத் திறக்கலாம். அட்டவணை பெரும்பாலும் குலையாமல் தப்பிவிடும்.

மூத்தவாசகர்: இந்தக் கேள்வி இங்கே ஓயாமல் வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். பிடிஎஃப் பெரும்பாலும் எந்த எழுத்துருவம் பக்கத்தில் எங்கே அமர வேண்டும் என்பதைத்தான் சேமிக்கிறது. பத்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. எனவே குலைவது இயல்பு.

தேன்சிட்டு: வேர்ட் 2016. எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: ‘கொடுத்தான்’ என்பது ‘ெகாடுத்தான்’ என்று விழுகிறது.

வரிக்குதிரை: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். வரி உடைவதற்கு: முற்றுப்புள்ளியை அடுத்துப் பத்திக்குறி (என்டர் தட்டினால் விழும் குறி) வரும் இடங்களில் அந்தக் குறியை மட்டும் ## என மாற்றுங்கள். மீதிப் பத்திக்குறிகளை இடைவெளியாக்குங்கள். பிறகு ## என்பதைப் பத்திக்குறியாக்குங்கள். தேடி மாற்றும் பெட்டியின் ‘ஸ்பெஷல்’ பட்டியலில் அந்தக் குறி இருக்கிறது. தலைப்புகளில் முற்றுப்புள்ளி இராது. அவை அடுத்த பத்தியோடு ஒட்டிக்கொள்ளும், கையால் பிரியுங்கள்.

அகரன்: எழுத்துக் குழப்பத்துக்கு ஓசிஆர்தான், அதாவது பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருள்தான், ஒரே வழி.

வரிக்குதிரை: எழுத்து உள்ளே இருக்கும்போது ஓசிஆர் எதற்கு? தமிழில் அது ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கும். வரிசை கலைந்ததைத் திருத்துவதைவிட அந்தப் பிழைகளைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அகரன்: இப்போதைய ஓசிஆர் அவ்வளவு மோசமில்லை. நான் நீளமான புத்தகங்களையே மாற்றியிருக்கிறேன்.

மூத்தவாசகர்: மாற்றினீர்கள் சரி, மெய்ப்புப் பார்த்தீர்களா?

அகரன்: பார்த்தேன், ஐயா. ஒவ்வொரு பக்கமும்.

பனையோலை: கேட்டவருக்கு நேரமில்லை. யூனிகோடில் ‘க’ முதலிலும் ‘ெ’ பிறகும் வர வேண்டும். உங்கள் கோப்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைத் தருகிறது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் (வேர்ட் போன்ற இலவச மென்பொருள்) ஒட்டி, தேடி மாற்றும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் வசதி) இயக்கி, ([ெேை])([க-ஹ]) என்று தேடி $2$1 என மாற்றுங்கள். அடுத்து ‘ெ’யும் துணைக்காலும் தனித்தனியாக நிற்பதை ‘ொ’ ஆக்குங்கள். ‘ே’க்கும் அப்படியே ‘ோ’. எச்சரிக்கை: கோப்பு முழுதும் கலைந்திருந்தால் மட்டுமே செய்யுங்கள். சரியாக இருக்கும் ‘கெட்ட’ போன்ற சொல்லை இதே கட்டளை கெடுத்துவிடும். முதலில் ஒரு பக்கத்தில் சோதியுங்கள்.

மூத்தவாசகர்: பிடிஎஃப்பை உருவாக்கியவரிடம் மூலக்கோப்பைக் கேட்டிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

தேன்சிட்டு: பனையோலை சொன்னது வேலை செய்தது. பத்திகளும் சரியாகிவிட்டன. அட்டவணையை வேர்ட்டில் திறந்து எடுத்துக்கொண்டேன். அனைவருக்கும் நன்றி.

வரிக்குதிரை: அட்டவணைக்குள் இருந்த எழுத்துகளும் சரியாக வந்தனவா?