மாட்டு பிராக்டிகலுக்கு நியாயமா மார்க் போடுறது எப்படி? சினை பாக்க உள்ள போன கை எதைத் தொடுதுன்னு வெளிய நிக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

புது_வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். வெட்னரி காலேஜ்ல கிளினிக்ஸ் பக்கம் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது, இந்த தடவை ஃபைனல் இயர் பிராக்டிகல் என் தலைல விழுந்திருக்கு, நாப்பது சொச்சம் பசங்க. நான் படிச்சப்ப என்ன நடந்துச்சுன்னா காலைல ஓபிக்கு எந்த மாடு வருதோ அதுதான் உன் கேஸ். எனக்கு கழிச்சல் கன்னுக்குட்டி, பக்கத்துல நின்னவனுக்கு கொம்பு உடைஞ்ச காளை, இன்னொரு பொண்ணுக்கு கடிக்க வர்ற டாபர்மேன். வெளியூர்ல இருந்து வந்த எக்ஸாமினர் கன்னுக்குட்டியைத் திரும்பிக்கூட பாக்கல, ரெக்கார்ட் நோட்டைப் புரட்டிட்டு கீட்டோசிஸ்னா என்னன்னு கேட்டார், ஒப்பிச்சேன், நல்ல மார்க். அப்புறம் இன்டர்ன்ஷிப் முதல் வாரம் கழுத்து நரம்புல ஊசி ஏத்தத் தெரியாம முழிச்சிட்டு நிக்கிறேன், மாட்டுக்காரர்தான் "கழுத்தடில கயித்தைக் கட்டிப் பாருங்க தம்பி, நரம்பு எழும்பும்"னு சொல்லிக் குடுத்தார். அந்த வெக்கம் இன்னும் போகல.

இப்ப ஆஸ்கி (OSCE, ஸ்டேஷன் ஸ்டேஷனா வைக்கிற பிராக்டிகல் பரீட்சை) மாதிரி வைக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா ஒரே மாட்டை நாப்பது பேர் கையை விட்டுப் பாத்தா அது பாவம். அதைவிட பெரிய டவுட், சினைப் பரிசோதனைல ஆசனவாய் வழியா அவன் கை உள்ள இருக்கு, நான் வெளிய நிக்கிறேன், அவன் கருப்பையைத்தான் தொட்டானா இல்ல சாணியைத் தடவிட்டு கதை விடுறானா, எப்படி கண்டுபிடிக்கிறது?

மணி_அடிக்கிறவன்:
சார், நாங்க ஒரு நாலு பேட்சுக்கு வெச்சிருக்கோம். ஆஸ்கிங்கறது மனுஷ டாக்டர் படிப்புக்காக 1975ல ஸ்காட்லாந்து டண்டீல ஹார்டன் குழு எழுதினதுதான், எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே செக்லிஸ்ட், மணி அடிச்சா அடுத்த ஸ்டேஷன். மனுஷங்களுக்கு நோயாளியா நடிக்க ஆள் கிடைக்கும், மாடு நடிக்காது, அதனால எல்லா ஸ்டேஷன்லயும் உயிருள்ள மாடு வேணும்னு நினைக்காதீங்க.

கழுத்து நரம்புக்கு ரப்பர் டியூப்ல சிவப்புத் தண்ணி ஓட விட்டு மேல ஸ்பாஞ்சும் ரெக்சினும் சுத்தினா போதும். மடிநோய்க்கு சிஎம்டி தட்டுல (மடிநோய் டெஸ்ட் தட்டு, நாலு காம்புக்கும் நாலு குழி இருக்கும்) பாலும் மருந்தும் சரிசமமா ஊத்தி சுத்தணும், கொழகொழன்னு ஆனா மடிநோய், இது எல்லாப் பசங்களுக்கும் தெரியும். ஆனா நாங்க கேக்குறது "எந்தக் காம்பு?"ன்னு. தட்டைக் கொஞ்சம் திருப்பிப் பிடிச்சிருந்தா முன்காம்பு பின்காம்பு மாறிடும், பாதிப் பேர் அங்கதான் மாட்டுவாங்க.

அசையூண் வயிறு கேக்குறதுக்கு நிஜ மாடுதான், ஆனா ரெண்டு பேர் கேக்குற டீச்சிங் ஸ்டெத் வாங்கிக்கோங்க. இடது பள்ளைல அவன் வெச்சு ரெண்டு நிமிஷம் வயிறு எத்தனை தடவை அசையுதுன்னு எண்ணும்போது நீங்களும் எண்ணுவீங்க, மாடு அன்னிக்கு எப்படி இருந்தாலும் விடை உங்க காதுலயே இருக்கு.

இப்ப உங்க டவுட்டுக்கு வர்றேன். அறுப்புக்கூடத்துல இருந்து கருப்பை வாங்கிட்டு வந்து, கை போற அளவுக்கு ஓட்டை போட்டு துணித்திரை கட்டின பெட்டிக்குள்ள வைங்க. அஞ்சு பெட்டி, ஒண்ணு வெறும் கருப்பை, ஒண்ணு ரெண்டு மாசம், ஒண்ணு நாலு மாசம், இப்படி. பையன் கண்ணால பாக்காம தடவிட்டு கருப்பையோட ரெண்டு கொம்புல எது பெருசு, கார்பஸ் லூட்டியம் (சினைப்பையில வர்ற மஞ்சள் கட்டி) எந்தப் பக்கம்னு சொல்லணும், திரையைத் தூக்கினா விடை. ஃபார்மலின்ல மட்டும் ஊறப் போடாதீங்க, கட்டை மாதிரி ஆயிடும், ஃப்ரீசர்ல வெச்சு முந்தின ராத்திரி எடுத்து வைங்க. பிரிட்டன்ல சாரா பெய்லி செஞ்ச ஹாப்டிக் கௌங்கற கம்ப்யூட்டர் மாட்டுல மாணவன் விரல் எங்க இருக்குன்னு வாத்தியாருக்கு ஸ்கிரீன்லயே தெரியும், நம்ம பட்ஜெட்டுக்கு பெட்டிதான். நிஜ மாட்டுலயும் பாக்கணும்னா முன்னாடியே ஸ்கேன் எடுத்த மாடா வைங்க, ஒரு மாட்டுக்கு மூணு பேருக்கு மேல விடாதீங்க, கிளவுஸ்ல ரத்தம் தெரிஞ்சா அதோட நிறுத்திடுங்க.

மாட்டாஸ்பத்திரி:
நான் டிஸ்பென்சரில இருபது வருஷமா இருக்கேன் தம்பி, வாத்தியார் இல்ல, ஆனா நீங்க பாஸ் போட்டு அனுப்புற பசங்க என்கிட்டதான் வர்றாங்க. செக்லிஸ்ட்ல ஒரு ஓட்டை இருக்கு. பால் காய்ச்சல் மாட்டுக்கு கால்சியம் ஏத்துறான்னு வைங்க. பாட்டிலை வெதுவெதுப்பாக்கினான், நரம்பைப் பிடிச்சான், ஊசி ஏத்தினான், எல்லாம் டிக், ஆனா நெஞ்சுல ஸ்டெத் வெக்காம மடமடன்னு விட்டுட்டான். உங்க கணக்குப்படி இருபதுக்கு பதினெட்டு, அங்க மாடு செத்துப் போச்சு. அந்த மாதிரி ஒரு தப்பு பண்ணா அந்த ஸ்டேஷனே ஃபெயில்னு முன்னாடியே எழுதி வைங்க. டிக் போட்டு முடிச்சதும் கடைசில ஒரு கேள்வி மட்டும் எக்ஸாமினரைக் கேளுங்க, "இவனைத் தனியா ஒரு கிராமத்துக்கு அனுப்புவியா?"ன்னு. நான் அதுக்குத்தான் நிறைய மார்க் வைப்பேன்.

இன்னொண்ணு, பேச்சு. புக்ல அனோரெக்ஸியான்னு படிச்சவனுக்கு "தீவனம் எடுக்குதா, அசை போடுதா, கன்னு போட்டு எத்தனை நாளாச்சு, நஞ்சுக்கொடி விழுந்துச்சா"ன்னு கேக்க வாய் வரமாட்டேங்குது. மாட்டுக்காரரா ஒருத்தரை நடிக்க வெச்சு ஒரு ஸ்டேஷன் போடுங்க, நாலு கேள்வி ஒழுங்கா கேட்டாத்தான் கன்னு போட்டு ரெண்டு நாள்னு வாய் திறக்கணும், அதுவரைக்கும் "தெரியலீங்க டாக்டரே"தான். அப்புறம் மாடு உதைக்கிற தூரத்துல பின்பக்கமா சத்தமில்லாம போறவனுக்கு வேற எதுலயும் மார்க் போடாதீங்க.

இன்டர்ன்_பொண்ணு:
சார், எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. பெட்டி ஐடியா சூப்பர். நான் செகண்ட் போஸ்டிங்ல நிறைஞ்ச மூத்திரப்பையைத் தடவிட்டு மூணு மாச சினைன்னு அடிச்சு சொன்னேன், சொல்லி வாயை மூடல, மாடு மூத்திரம் பெஞ்சிருச்சு, சினையும் சேர்ந்து போயிருச்சு. 😭 ஆனா அன்னிக்கு சார் பக்கத்துல நின்னு கருப்பைக் கழுத்துல இருந்து விரலை எப்படி நகத்தணும்னு சொன்னார் பாருங்க, அதுலதான் கத்துக்கிட்டேன், எக்ஸாம்ல இல்ல. எங்க லாக்புக்ல பத்து சினைப் பரிசோதனைன்னு இருக்கும், கையெழுத்து மட்டும் கடைசி வாரம் மொத்தமா விழும், யாரும் ஒண்ணைக்கூட நின்னு பாத்திருக்க மாட்டாங்க. கடைசில ஒரு பெரிய ஆஸ்கி வெச்சு பயமுறுத்துறதுக்குப் பதிலா மாசத்துக்கு ரெண்டு தடவை நிஜக் கேஸ்ல பத்து நிமிஷம் நின்னு பாத்துட்டு அங்கயே திட்டிருங்க சார், பரவால்ல.

புது_வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. மாட்டாஸ்பத்திரி சார், கால்சியம் விஷயத்தை அப்படியே எடுத்துக்கிட்டேன். லாக்புக் பத்தி சொன்னது சுட்டுச்சு மா, போன வருஷம் நானும் மொத்தமா கையெழுத்து போட்டவன்தான், இந்த வருஷம் தேதி வாரியா போடுறேன். அஞ்சு பெட்டிக்கு ஆசாரிகிட்ட சொல்லியாச்சு, கருப்பைக்கு அறுப்புக்கூடத்துல பேசணும். மாட்டுக்காரரா நடிக்க எங்க அட்டெண்டர் அண்ணனைக் கேட்டேன், முப்பது வருஷமா ஓபில மாடு பிடிக்கிறவர். "நடிக்கிறது இருக்கட்டும் சார், நான் அரசாங்க ஊசி வேலை செய்யாதுன்னு சொல்ற ஆளா, இல்ல நாட்டு வைத்தியம் பாத்துட்டு மூணாம் நாள் வர்ற ஆளா, அதைச் சொல்லுங்க"ங்கறார். ரெண்டுமா இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.