பாறையில் ஏறலாம், குகைக்குள் இறங்கலாமா?

லீட்ஸிலிருந்து:

யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில், மூர் எனப்படும் புதர் மண்டிய திறந்த மேட்டு நிலம் ஒன்றில் தோழி பாறை ஏறிக்கொண்டிருந்தாள். நான் கீழே கயிற்றைப் பிடித்திருந்தேன். நிலச் சொந்தக்காரருக்காக வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் கேம்கீப்பர் ஒருவர் குவாட் பைக்கில் வந்து, "தனியார் நிலம், கிளம்புங்க" என்றார். "அவங்க பத்திரமா இறங்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். சரி என்று காத்திருந்தார்.

இறங்கியதும் ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே) என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவை அமைப்பின் வரைபடத்தை விரித்தேன். நாங்கள் நின்ற இடம் வெளிர் மஞ்சளில் இருந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, க்ரோ சட்டம் என்பார்களே அதன்படி, அது பொதுமக்கள் நடந்து போகலாம் என்று திறந்துவிட்ட நிலம். சொந்தக்காரர் இருந்தாலும் மலை, மூர், பதிவு செய்த பொதுநிலம் போன்றவற்றில் யாரும் நடக்கலாம், பாறை ஏறலாம். கூடாரம் போடவும் தீ மூட்டவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குட்டை வாரில்தான் கூட்டிப்போக வேண்டும். விதியை மீறி வெளியேற நேர்ந்தால் அந்த உரிமையாளரின் நிலத்தில் 72 மணி நேரத்துக்கு இந்த உரிமை கிடையாது.

கேம்கீப்பரின் உண்மையான கவலை வேறு. "விழுந்து அடிபட்டா முதலாளி மேல கேஸ் போடுவீங்களே?" என்றார். இயற்கையான பாறையால் வரும் ஆபத்துக்கு இந்த நிலங்களில் உரிமையாளர் பொறுப்பாக மாட்டார் என்று அதே சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். முகம் தளர்ந்தது. இடது ஓரத்தில் பறவை கூடு கட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். நியாயம்தான், வலப்பக்கம் நகர்ந்துகொண்டோம்.

கிளம்பும்போது சற்றுத் தள்ளியிருந்த குகை வாயைக் காட்டி, "அதுக்குள்ள போக பெர்மிட் வேணும்" என்றார். அரசுத் தரப்பு நிலைப்பாடும் அதுவே: பகல் வெளிச்சம் எட்டும் தூரம் வரைதான் சட்டம் தரும் உரிமை. ஹெல்மெட் விளக்கைப் போடும் இடத்தில் உரிமை அறுந்துவிடுகிறது. எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை. அதே மலை, அதே சுண்ணாம்புக்கல், அதே கால்கள். குகைக்கும் இந்த உரிமை வேண்டும் என்று போராட குகை ஆர்வலர்களின் அமைப்பான பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷனின் உறுப்பினர்கள் 2014இல் வாக்களித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

இன்வெர்னஸிலிருந்து:

ஸ்காட்லாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. இங்குள்ள 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலத்தின் மேற்பரப்பில் மட்டுமல்ல, அதற்கு மேலேயும் கீழேயும் உரிமை உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறது; பொறுப்போடு நடக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ச்னடாம்ஃப் குகைகளுக்குப் போகும் வழியில் மான் வேட்டைக்குப் பொறுப்பான ஒருவர் எங்களை நிறுத்தினார். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கேட்டார். அன்று வேட்டை நடக்கும் சரிவைக் காட்டி, ஓடையை ஒட்டியே போகச் சொன்னார். பெர்மிட் என்ற பேச்சே எழவில்லை.