50 மீட்டர் .22 ரைபிள்: பேரலை உண்மையில் செய்தவர் யார், அதை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். என் மகள் ரைபிள் கிளப்பில் 50 மீட்டர் பிரோன் (படுத்துச் சுடும்) பிரிவில் பயிற்சி பெறுகிறாள். அவளுடைய ஜெர்மன் .22 ரைபிளில் முன்பு இலக்கின் பத்துப் புள்ளி வளையத்துக்குள் அடங்கிய குரூப் (குண்டுத் துளைகளின் தொகுப்பு), புதிய தோட்டாப் பெட்டிகள் வந்த பிறகு ஒன்பதுக்கும் எட்டுக்கும் சிதறுகிறது. பேரல் (துப்பாக்கிக் குழல்) தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் விற்பனையாளர். பேரலில் மான்கொம்பு முத்திரையும் இரண்டு எழுத்துகளும் உள்ளன. அந்த முத்திரைதான் பேரலைச் செய்தவருடையதா? ஓசூரில் நல்ல லேத் பட்டறைகள் இருப்பதால், பேரலின் வாய் விளிம்பையாவது அங்கே சரிசெய்துகொள்ளலாமா?

பதில் (ஓசூர்):
ஐயா, மான்கொம்பு ஜெர்மனியின் உல்ம் நகரத் துப்பாக்கிச் சோதனைச்சாலையின் முத்திரை. அந்த எழுத்துகள் சோதனை நடந்த ஆண்டைக் குறிக்கும். செய்தவர் யார் என்பதை அவை சொல்வதில்லை. ஜெர்மன் ரைபிள் நிறுவனமான ஆன்ஷுட்ஸ் தன் பேரல்களைத் தானே செய்கிறது; சாகோ, டிக்கா ரைபிள்கள் இரண்டின் பேரல்களும் பின்லாந்தின் ரீஹிமாக்கித் தொழிற்சாலையில், மாண்ட்ரல் என்ற கடினமான உள்தண்டின் மீது சம்மட்டிகளால் குளிர்நிலையில் அடித்து உருவாகின்றன. வேறு பல நிறுவனங்கள், பட்டன் முறையில் (கடினமான சிறு கருவியைக் குழலுக்குள் செலுத்தி) ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) இடும் லோத்தர் வால்தர் போன்ற தனிப் பேரல் ஆலைகளிடம் வாங்குகின்றன. வெளியில் வாங்கினாலும், அறை (தோட்டா அமரும் இடம்) எந்த அளவு, ரைஃப்ளிங் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று (.22 லாங் ரைபிளுக்குப் பெரும்பாலும் 16), என்ன தடிமன் என்பவற்றைப் பொதுவாக ரைபிள் நிறுவனமே முடிவு செய்கிறது. ஆகவே பேரலைச் செய்தவரின் பெயரை மட்டும் பார்த்து அதே தரத்தில் மாற்றுப் பேரல் வாங்கிவிட முடியாது.

லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கியாகவே கருதப்படும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் அதைக் கொடுக்கலாம்.

பதில் (தருமபுரி):
ஓசூர் அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. பேரல் தேய்ந்தது என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் மென்மையான ஈயத் தோட்டா .22 பேரலை அவ்வளவு எளிதில் தேய்ப்பதில்லை. அறை முடிந்து ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தில் எரிந்த கரி கெட்டியான வளையமாகப் படியும். வெளிப்புறம் பளபளவென்று இருந்தாலும் உள்ளே அது இருக்கலாம். கிளப்பின் ஆர்மரரிடம் (துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்) சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஸ்டாக் (ரைபிளின் கட்டை) திருகுகள் தளர்ந்துள்ளனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் பழைய பெட்டியின் லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) எண்ணைப் புதியதோடு ஒப்பிட்டு, ரைபிளைத் தாங்கியில் வைத்து இரண்டையும் சுட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் தோட்டாவே லாட் மாறினால் வேறுவிதமாகச் சுடும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. சுத்தம் செய்ததும் குரூப் ஓரளவு இறுகியது. தாங்கியில் வைத்துச் சுட்டபோது பழைய லாட் பத்துக்குள் அடங்கியது. புதியது மட்டும் சிதறுகிறது. அந்த லாட்டை மாற்றித் தரும்படி விற்பனையாளரிடம் கேட்கிறேன்.

பதில் (தருமபுரி):
நல்லது. இனி எந்த லாட்டிலும் ஒரு பெட்டியை முதலில் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஒரு பருவத்துக்குத் தேவையானதை அதிலேயே வாங்கி வையுங்கள். உரிமத்தில் உள்ள தோட்டா அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.