மறுமொழி: கேட்-ஆல்-அரவுண்ட் டிரான்சிஸ்டர் – ‘சூழ்மடை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேட்-ஆல்-அரவுண்ட் டிரான்சிஸ்டருக்குத் தமிழில் ‘அனைத்துப்பக்க வாயில் புலவிளைவுத் திரிதடையம்’ என்று இங்கே ஐயா தந்த சொல்லில் பொருட்பிழை இல்லை. (திரிதடையம் என்பது டிரான்சிஸ்டர், மின்னோட்டத்துக்கான நுண்ணிய சுவிட்ச்; அந்த ஓட்டத்தைத் திறந்து மூடும் பகுதிதான் கேட்.) வகுப்பில் மூன்று முறை சொன்னால் மூச்சு வாங்கும், அதுவும் கோத்தகிரிக் குளிரில். ஆனால் என் சிக்கல் நீளம் அல்ல, ‘வாயில்’. ஆம்-இல்லை கணக்குப் போடும் சிறு மின்சுற்றான லாஜிக் கேட்டையும் ‘ஏரண வாயில்’ என்றுதானே எழுதுகிறோம்? ஓர் ஏரண வாயிலுக்குள் நான்கு திரிதடையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாயில் என்றால் மாணவர் எந்த வாயிலில் நுழைவார்?

நேற்று எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கேரட் தோட்டத்தில் பார்த்தது இது. தண்ணீரை நிறுத்தப் பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் குழாயைச் செருப்புக்காலால் மிதித்தார். குழாய் ஈரமண்ணில் அமிழ்ந்ததே தவிர, முனையில் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கையிலெடுத்து, விரல்களால் சுற்றிப் பிடித்து நெரித்தார். சொட்டு நின்றது.

1959-இல் பெல் ஆய்வகத்தில் அட்டாலாவும் காங்கும் செய்த திரிதடையம் அந்தச் செருப்புக்கால்தான். கேட்டின் அழுத்தம் மேலிருந்து மட்டும். மின்னோட்டம் ஓடும் வாய்க்கால் (சேனல்) குட்டையாகக் குட்டையாக, அது போய்ச் சேரும் வடிகாலின் (டிரெயின்) மின்புலமும் உள்ளே புகுந்து இழுக்கும். மூடிய பிறகும் அடியில் கசியும். அதனால் வாய்க்காலைத் துடுப்புப்போல் (ஃபின்) நிமிர்த்தி மூன்று பக்கமும் கவ்வினார்கள். இன்டெல் 2011-இல் 22 நானோமீட்டர் தலைமுறைக்கு அறிவித்தது அதைத்தான். சாம்சங் 2022-இல் 3 நானோமீட்டரில் உற்பத்தி தொடங்கியது விரல் சுற்றிய பிடி: மெல்லிய தகடுகளாக அடுக்கிய வாய்க்கால்கள், ஒவ்வொன்றுக்கும் நாற்புறமும் அணைப்பு. கசிவு குறைவதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே விரைவாகத் திறந்து மூடலாம். (22, 3 எல்லாம் இப்போது தலைமுறைப் பெயர்கள், யாரும் அளவுகோலோடு கிளம்ப வேண்டாம்.)

இது கதவின் வேலையா? சோர்ஸ், சேனல், டிரெயினுக்கு ஊற்று, வாய்க்கால், வடிகால் என்று போன வாரம் ஒத்துக்கொண்ட பிறகு நடுவில் மட்டும் எதற்கு வாசல்? மதுரை நண்பர் ‘மதகு’ என்றார். மதகு ஏரிக்கு உரியது, பெரியது. வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டித் திறப்பதும், அதே மண்ணை இழுத்து அடைப்பதும் மடை. ஆகவே கேட் என்பது மடை, மூன்று பக்கமும் கவ்வும் டிரை-கேட் மும்மடை, கேட்-ஆல்-அரவுண்ட் சூழ்மடை. முழுப்பெயர் வேண்டுமானால் சூழ்மடைத் திரிதடையம்.

ஃபின்னுக்கு ‘வரப்பு’ என்று குன்னூரிலிருந்து வந்த யோசனை வடிவத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் வரப்பில் தண்ணீர் ஓடினால் அது உடைந்த வரப்பு. துடுப்பே இருக்கட்டும்.

‘மடை’ என்றதும் கடைசி வரிசையில் ஒருவன் ‘மடையன்’ என்பான் என்று தொலைபேசியில் ஒருவர் எச்சரித்தார். என்பான்தான். சோர்ஸுக்கு ‘மூலம்’ என்று எழுதிவந்ததை ‘ஊற்று’ என மாற்றியதே வகுப்பில் சிரிப்பு அடங்காமல்தானே, ஐயா?