350 செவிக்கு எந்த ஹெட்? ஜங்க்யார்டு வார்டெக்கா, புது அலுமினியமா?

ஹூஸ்டன்_செந்தில்:
வணக்கம் மக்களே. வண்டி 1978 செவி சி10 பிக்கப், 350 இன்ஜின் (350 கன அங்குலம், 5.7 லிட்டர்), ஹெட் (சிலிண்டருக்கு மேல வால்வோட உட்கார்ற பாகம்) ரெண்டும் 882 காஸ்டிங் (ஹெட்ல வார்த்திருக்கிற நம்பர்). பிளாக் 0.030 இன்ச் ஓவர்சைஸ் போர் பண்ணி (சிலிண்டர் துளையைக் கடைஞ்சு பெருசாக்கி) வந்தாச்சு, ஃபிளாட் டாப் (தலை தட்டையான) பிஸ்டன். டிஎச்350 ஆட்டோ கியர்பாக்ஸ், கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பாகம்) கம்பெனி போட்டதுதான், பின்னாடி 3.08 ஆக்சில் (சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் 3.08 சுத்து). ஹெட், கேம் (வால்வைத் திறக்க வைக்கிற ஷாஃப்ட்), மேனிஃபோல்டு (ஹெட்டுக்குக் காத்து அனுப்புற குழாய்) எல்லாம் சேர்த்து 1,500 டாலர். அதைத் தாண்டினா வீட்ல பஞ்சாயத்து. ரேஸ் எல்லாம் கிடையாது, சிக்னல்ல மிதிச்சா முதுகு சீட்ல ஒட்டணும், அவ்வளவுதான். எந்த ஹெட் போடலாம்?

பட்டறை_பாண்டி:
இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? வார்டெக். 1996லேருந்து 5.7 டிரக், வேன்ல வந்த இரும்பு ஹெட். காஸ்டிங் நம்பர்ல கடைசி மூணு எண் 906 இல்லேன்னா 062 இருக்கணும். உன் 882ல சேம்பர் (பெட்ரோல் எரியுற அறை) 76 சிசி, இதுல 64. வால்வ் 1.94, 1.50 இன்ச்தான், ஆனா போர்ட் (காத்து போற வழி) வடிவம் அருமை. 0.500 இன்ச் லிஃப்ட்ல (வால்வ் திறக்கிற உயரம்) தோராயமா 225லேருந்து 240 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து) போகும். ஜிஎம் கம்பெனியே இந்த ஹெட்டையும் ஒரு சின்ன கேமையும் போட்டு 350 எச்ஓ இன்ஜினை 330 எச்பின்னு வித்தான். உனக்கு வேற என்ன சாட்சி வேணும்?

டைனோ_தாஸ்:
பாண்டி அண்ணே பாதி விலைதான் சொல்றார். மீதிய நான் சொல்றேன். பழைய மேனிஃபோல்டு 12 போல்ட், வார்டெக்குக்கு 8 போல்ட், உட்காரவே உட்காராது. ஸ்டாக் ஸ்பிரிங்கோட 0.470 லிஃப்ட் பக்கம் போனாலே ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கிற மூடி) போய் வால்வ் சீல்ல இடிக்கும். அதனால கைடைக் (வால்வ் தண்டு ஓடுற குழாய்) கடையணும், இல்ல பீஹைவ் ஸ்பிரிங் வாங்கணும். ராக்கர் (வால்வை அமுக்குற கை) செல்ஃப் அலைனிங் டைப்தான் வேணும், உங்க 78 ராக்கர் ஆகாது. வால்வ் கவர்கூட சென்டர் போல்ட். இதுக்கு மேல கிராக் செக், வால்வ் ஜாப் (வால்வையும் அது உட்கார்ற சீட்டையும் கடைஞ்சு சரி பண்றது). கூட்டிப் பாருங்க, அலுமினிய ஹெட் விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அதுல 2.02 வால்வ், நல்ல ஸ்பிரிங், எல்லாம் பூட்டியே வருது. ஜோடிக்கு 20 கிலோ போல எடையும் குறையும்.

பட்டறை_பாண்டி:
தாஸ் தம்பி, மேனிஃபோல்டும் 1,500ல அடக்கம்னு அவர் முதல் பதிவுலயே எழுதிட்டார். புதுசு வாங்கத்தான் போறார், வார்டெக் மாடல் வாங்கிக்கட்டும். அதுக்கு எதுக்குத் தண்டச் செலவுக் கணக்கு? நீ சொல்ற நல்ல அலுமினிய ஹெட் ஜோடியே ஆயிரத்தைத் தாண்டிருது. மிச்சத்துல கேம், லிஃப்டர், மேனிஃபோல்டு, கேஸ்கட் செட் எல்லாம் வருமா? வராது. உடனே என்ன செய்வாங்க? ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற, பேர் தெரியாத அலுமினியத்துக்குப் போவாங்க. அப்படி ஒரு ஜோடி என் பட்டறைக்கு வந்துச்சு. கைடுல வால்வைப் பிடிச்சு ஆட்டினா பல்லு மாதிரி ஆடுது. வால்வ் சீட்ல நீல மை தடவிப் பார்த்தா பாதி வட்டம்தான் ஒட்டுது, வால்வ் முழுசா உட்காரல. புது ஹெட்டுக்கு முழு வால்வ் ஜாப் பண்ணி அனுப்பினேன்.

எல்எஸ்_விக்கி:
ரெண்டு பேருமே 20 வருஷம் பின்னாடி இருக்கீங்க. ஜங்க்யார்டுல 5.3 லிட்டர் டிரக் இன்ஜின் குவிஞ்சு கிடக்கு. அதுல எல்எம்7ங்கிற மாடல் ஸ்டாக்காவே 285, 295 எச்பி, அலுமினிய ஹெட் அதுலயே இருக்கு. 350க்கு செலவு பண்றது வீண்.

பட்டறை_பாண்டி:
விக்கி தம்பி, ஒயரிங், கம்ப்யூட்டர், ஃப்யூவல் பம்ப், மவுண்ட் எல்லாம் யார் வாங்கித் தருவாங்க, நீயா? அவர் பிளாக்கை போர் பண்ணி வெச்சுட்டு ஹெட் கேட்கிறார்.

ஹூஸ்டன்_செந்தில்:
விக்கி ப்ரோ, அது அடுத்த வண்டிக்கு. தாஸ் அண்ணே, 200 சிசி போர்ட் அலுமினிய ஹெட் ஒண்ணு தள்ளுபடியில வருது. பெருசா இருந்தா நல்லதுதானே?

கௌரி_மெஷின்ஷாப்:
செந்தில், அதைத் தொடாதீங்க. 3.08 ஆக்சிலும் ஸ்டாக் கன்வர்ட்டரும் வெச்சிருக்கீங்க, உங்க இன்ஜின் பாதி நேரம் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழதான் சுத்தும். அங்க பெரிய போர்ட்ல காத்து சோம்பேறியா போகும், மிதிச்சா முக்கும். உங்களுக்கு 170லேருந்து 185 சிசி போதும். வார்டெக் 170, அந்த விஷயத்துல பாண்டி அண்ணன் சொல்றது சரி.

ஆனா ரெண்டு பேரும் கம்ப்ரஷனைப் (காத்து எத்தனை மடங்கு அமுங்குதுங்கிற கணக்கு) பேசவே இல்ல. ஒரு சிலிண்டர் 727 சிசி. பிஸ்டன் டெக்குக்குக் (பிளாக்கோட மேல் தளம்) கீழ 0.025 இன்ச் நிக்குது, கேஸ்கட் 0.039, பிஸ்டன்ல வால்வ் வெட்டு 6 சிசின்னு வெச்சுக்கோங்க. 76 சிசி ஹெட்ல 8.6, 64 சிசி ஹெட்ல 9.7. முழுசா ஒரு பாயிண்ட் ஏறுது, உங்களுக்கு முதுகு ஒட்டுறது பாதி அதுலதான். ஆனா ஸ்குவிஷ் (பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஹெட்டுக்கு உள்ள இடைவெளி) 0.064, அது ரொம்ப அகலம். 0.015 ஸ்டீல் கேஸ்கட் போட்டா ஸ்குவிஷ் 0.040க்கு வரும், கம்ப்ரஷன் 10.3 ஆயிரும். இரும்பு ஹெட்ல அது விளிம்பு, 87 ஆக்டேன் ஊத்தினா நாக்கிங் கேட்கும். வார்டெக் சேம்பர் வேகமா எரியும், டைமிங் (ஸ்பார்க் முன்கூட்டி வர்ற அளவு) மொத்தம் 32, 34 டிகிரியே போதும், அதுவரைக்கும் லாபம். இருந்தாலும் பிரீமியம் பெட்ரோல்தான் போடணும். முதல்ல டெக்கை டயல் கேஜ் வெச்சு நிஜமா அளந்து பாருங்க, அப்புறம் கேஸ்கட் வாங்குங்க.

டைனோ_தாஸ்:
அதானே! அலுமினியம்னா அந்த 10.3 நிம்மதியா ஓடும். சூட்டை இழுத்துக்கும். நான் சொன்னதுக்குக் காரணத்தை கௌரி மேடமே எழுதிட்டாங்க.

கௌரி_மெஷின்ஷாப்:
ஓடும், மறுக்கல. ஆனா அந்த அலுமினியம் வாங்கினா கேம் வாங்கக் காசு இருக்காது தாஸ். வார்டெக், 0.460க்கு உள்ள லிஃப்ட் உள்ள கேம், ஸ்பிரிங் தொல்லை இல்ல. மிச்சம் பிடிக்கிறதை 3.73 ஆக்சிலுக்குச் சேர்த்து வைங்க. சக்கரத்துல 21 சதவீதம் இழுவை கூடும், எந்த ஹெட்டும் அதைத் தராது. ஹைவேல ஆர்பிஎம்மும் அதே அளவு ஏறும், ஓவர்டிரைவ் (ஹைவேல ஆர்பிஎம்மைக் குறைக்கிற கியர்) இல்லாத பாக்ஸ், அதையும் யோசிச்சுக்கோங்க.

ஹூஸ்டன்_செந்தில்:
இன்னைக்கு ஜங்க்யார்டு போனேன். 98 வேன் ஒண்ணு, ஹெட்ல 062 இருக்கு. ஜோடி 200 சொல்றான். பார்க்க நல்லாத்தான் இருக்கு.

பட்டறை_பாண்டி:
கண்ணால பார்த்துப் பணம் குடுக்காதே. ரேடியேட்டர் மூடியைத் திற, துரு கலந்த சேறு இருந்தா வண்டி சூடாகி நின்னதுன்னு அர்த்தம், விட்டுட்டு வா. இந்த ஹெட் மெல்லிசு, சூடானா எக்ஸாஸ்ட் சீட் பக்கம் விரிசல் விடும். கழட்டினா கிராக் இருந்தா திருப்பி எடுத்துக்குவேன்னு ரசீதுல எழுதி வாங்கு. வால்வ் ஜாப்புக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட், மறந்துராதே.

டைனோ_தாஸ்:
டெஸ்ட் ரிசல்ட்டை இங்கயே போடுங்க செந்தில். கிராக்னு வந்தா என் இன்பாக்ஸ் திறந்தே இருக்கு, 180 சிசில ஒண்ணு சொல்றேன்.