உதவி: பெங்களூர் கன்டோன்மென்டில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் பதிவுகளை எங்கே தேடுவது?

அலசூர்ப்பேரன்:
வணக்கம். என் கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கன்டோன்மென்டில் (ஆங்கிலேயர் காலப் படைக் குடியிருப்புப் பகுதியில்) வேலை பார்த்தவர். எங்கள் பூர்வீக ஊர் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்த பெரிய அத்தைக்கும் இப்போது நினைவு தப்பிவிட்டது. கப்பன் பூங்கா நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் இருக்கும் அல்லவா? அதை எங்கே பார்க்கலாம்? தயவுசெய்து விரைவில் சொல்லுங்கள்.

பிரேசர்டவுன் வாசகி:
எந்தக் காலம், என்ன வேலை, எந்தச் சமயம் என்று சொல்லாமல் எப்படி வழிகாட்டுவது? கிறித்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெற்றோர் பெயரும் சில சமயம் சொந்த ஊரும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

ஏடுநோக்கி:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. பிற்காலத்தவற்றை 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாருக்கும் காட்ட மாட்டார்கள். நூலகத்தில் இருப்பவை அச்சிட்ட நூல்கள். தனிமனிதரின் பெயர் ஆவணக் காப்பகக் கோப்புகளில்தான் அகப்படும். எந்த ஆண்டில் அந்த இடம் யார் ஆட்சியில் இருந்தது என்பதை அறியாமல் தேடுவது வீண். 1881-இல் மைசூர் அரசு மன்னரிடம் திரும்பியபோதும் கன்டோன்மென்ட் பகுதி 1947 வரை ஆங்கிலேயரிடமே இருந்தது. ஆகவே நீங்கள் போக வேண்டியது டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

தங்கவயல் மைந்தன்:
வட ஆற்காட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களில் ஏராளமானோர் கோலார் தங்கவயலுக்கு வந்தவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தொடங்கிய பிறகு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். உங்கள் முன்னோரும் முதலில் சுரங்கத்தில் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

மர்பிடவுன்காரன்:
ஏடுநோக்கி ஐயா, உள்ளூரில் இருப்பதை விட்டுவிட்டு ஒருவரை டெல்லிக்கு அனுப்புவது சரியா? விதான சௌதாவிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தை முதலில் பார்க்கலாமே.

ஏடுநோக்கி:
கன்டோன்மென்டை நிர்வகித்த ரெசிடென்டின், அதாவது மைசூரில் இருந்த ஆங்கிலேய அரசுப் பிரதிநிதியின், கோப்புகள் டெல்லியில் இருக்கின்றன என்பது ஆய்வாளர் அனைவருக்கும் தெரிந்ததே.

மர்பிடவுன்காரன்:
ரெசிடென்ட் ஒரு கூலித் தொழிலாளியின் பெயரைத் தன் கோப்பில் எழுதி வைத்திருப்பாரா? அரசியல் கடிதங்களைப் படிக்க டெல்லிக்குப் போகலாம், ஆனால் ஒரு குடும்பத்தின் சுவடு வரி, வீட்டுமனை, நகராட்சி போன்ற சிறிய தாள்களில்தான் தங்கும். டெல்லிக் காப்பகத்தின் பட்டியலை 'அபிலேக் படல்' இணையதளத்திலேயே பார்க்கலாம்; அதைப் பார்த்த பிறகு பயணச்சீட்டு எடுக்கட்டும்.

பிரேசர்டவுன் வாசகி:
எங்கே தேடினாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒன்றோடு நிறுத்த வேண்டாம். முனுசாமி என்ற பெயரை ஓர் எழுத்தர் 'மூனிசாமி' என்றும், மற்றொருவர் 'மூனசாமி' என்றும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால், தந்தை பெயரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே அவர்தான் என்று முடிவு செய்யுங்கள்.

அலசூர்ப்பேரன்:
மன்னிக்கவும், வேலை பற்றி எழுதவில்லை. சேப்பர் படையில் (ராணுவப் பொறியியல் பிரிவில்) 1930-களில் இருந்ததாகச் சொல்வார்கள். இந்துக் குடும்பம். பெயரைப் பொதுவில் எழுத விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், தம்பி. மெட்ராஸ் சேப்பர் படையின் தலைமையிடம் நெடுங்காலமாகப் பெங்களூரில்தான் இருக்கிறது. காப்பகங்களுக்கு அலைவதற்கு முன் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். படையிலிருந்து விடுவித்த சான்றிதழோ பென்ஷன் புத்தகமோ இருக்கும். பத்திரக் கட்டுக்குள் நான்காக மடித்து வைத்திருப்பார்கள். படை எண், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் அதில் வரும். மடிப்பு கிழிந்திருந்தால் பிரித்து ஒட்டாமல் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் இல்லை என்றாலும் படை எண் மட்டும் தெரிந்தால், படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

அலசூர்ப்பேரன்:
தாள் கிடைத்தது. குடியாத்தம் தாலுகா, வட ஆற்காடு ஜில்லா. கிராமத்தின் பெயரும் படிக்க முடிகிறது. அனைவருக்கும் மிக்க நன்றி.

மர்பிடவுன்காரன்:
மிக்க மகிழ்ச்சி. அடுத்து அந்த ஊருக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, நிலப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பெயரிலும் சேர்த்துத் தேடுங்கள். நிலம் பெரும்பாலும் தந்தை பெயரில்தான் இருந்திருக்கும்.